பட்டாளத்துத் தாத்தாவைப் பழைய பத்திரிகைகளில் தேடுவது எப்படி?

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்தவரை ஊரே ‘பர்மா தாத்தா’ என்றுதான் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் போனார், எங்கே இருந்தார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். நான் விவரம் அறிவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஊரில் ஒரு கல்லில்கூட அவர் பெயர் இல்லை.

விட்டு விட்டு இரண்டு வருஷம் தேடினேன். அச்சில் அவர் பெயர் வந்த மூன்று துணுக்குகள் கிடைத்தன. பென்ஷன் தாமதம் பற்றி ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று. பள்ளிக்கூடக் கட்டட நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல் ஒன்று. இரண்டு வரி மரணச் செய்தி ஒன்று. மூன்றிலும் போர் இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ மாதங்கள் போர்ச் செய்திகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அவர் இருக்கவே இல்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரைத் தேடப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சிப்பாயை ஊர்ச் செய்தியில் தேடுங்கள்.

ஏன் அப்படி? முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர். இரண்டாவதற்கு 25 லட்சம். போர்முனைச் செய்தியில் அதிகாரிக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்க்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான். இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச்சின்னமே இதற்குச் சாட்சி. முதல் போரில் அங்கே இறந்த இந்திய அதிகாரிகளின் பெயரைச் செதுக்கினார்கள். சாதாரணச் சிப்பாய்கள் எத்தனை பேர் என்று மட்டும் போட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லிலேயே இடம் கொடுக்காதபோது தந்திச் செய்தியில் எப்படிக் கொடுத்திருப்பார்கள்?

பத்திரிகைக்கு முன்னால் தகரப் பெட்டி

நூலகத்துக்கு ஓடுவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். பட்டாளத்துக்காரர் வீட்டில் எங்காவது ஒரு தகரப் பெட்டி இருக்கும். டிஸ்சார்ஜ் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், பதக்கம், கருமாதிப் பத்திரிகை, எது கிடைத்தாலும் சரி. கருமாதிப் பத்திரிகையை அலட்சியப்படுத்தாதீர்கள். இறந்த தேதி, சொந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள் என்று மொத்தக் குடும்பமும் ஒரே தாளில் இருக்கும்.

பதக்கம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ரிப்பனை விட்டுவிட்டு முதலில் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள், இந்திய வீரர்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கத்தில் இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி போட்டோ எடுங்கள், எழுத்து எழும்பி வரும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

என்ன பதக்கம் என்பதும் ஒரு தகவல்தான். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்றால் எந்தப் போர்முனை என்பது அங்கேயே தெரிந்துவிடும். முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால், அவர் துப்பாக்கி ஏந்தியவராக இல்லாமல் தொழிலாளர் படையிலோ முகாம் பணியிலோ இருந்தவராக இருக்கலாம். இதைக் கேட்டு முகம் வாடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வாட வேண்டியதில்லை. குண்டு விழுந்த இடத்தில் மூட்டை சுமந்தவரும், சாலை போட்டவரும் அதே குண்டுக்குக் கீழேதான் நின்றார்கள்.

வீட்டில் பேசும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். “எந்த வருஷம்?” என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. “அத்தை, நீங்க பிறந்தப்போ அவர் ஊரில் இருந்தாரா? உங்க கல்யாணத்துக்கு வந்தாரா?” என்று கேட்டால் உடனே வரும். அப்படி மூன்று நான்கு நிகழ்ச்சிகளைக் கோத்தால், தேட வேண்டிய காலம் 30 வருஷத்திலிருந்து 3 வருஷமாகச் சுருங்கும்.

படைப்பிரிவின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்

படைப்பிரிவின் பெயர் தெரிந்ததும் அதே பெயரில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 1922-ல் பிரிட்டிஷ் இந்தியப் படையை மாற்றி அமைத்தபோது பல பெயர்கள் மறைந்தன. 73வது, 75வது, 79வது கர்நாடிக் காலாட்படைகள் எல்லாம் 3வது மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தன. அதுவும் சில வருஷங்களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி திரட்டினார்கள். இன்று அதன் தலைமையிடம் நீலகிரி வெலிங்டன்.

நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். 1780-ல் தொடங்கியது, பெங்களூரில் இருக்கிறது. பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது அவர்கள் வேலை. படை முழுக்க அவர்களைத் ‘தம்பி’ என்றே கூப்பிடும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது. ஆவணங்களில் பழைய பெயர் குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். சுருக்கமாக க்யூ.வி.ஓ. என்று மட்டும் இருந்தாலும் அதுதான். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றிருந்தால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது லாரி, ரேஷன், போக்குவரத்து.

பதவியும் மாறும். இன்றைய நாயப் சுபேதார் 1965 வரை ஜமேதார். பழைய பத்திரிகையில் ‘ஜமேதார்’ என்று பார்த்துவிட்டு வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரு பெயருக்குப் பத்து முகம்

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுபேதார் சுப்பிரமணியனை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஜில்லாக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி ஒன்று கிளம்பியபோது, பக்கத்தில் இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிர் கொடுத்தவர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றவர். விக்டோரியா கிராஸுக்குச் சமமாக வைக்கப்படும் பதக்கம் அது. இவ்வளவு பெரிய மனிதரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆங்கிலத்தில் இவர் பெயரை ‘ஐ’ போட்டு எழுதலாம், ‘ஒய்’ போட்டு எழுதலாம், ‘ன்’னில் முடிக்கலாம், ‘ம்’மில் முடிக்கலாம். பதக்கம் பெற்றவருக்கே இந்த நிலைமை என்றால், நம் ஊர்ச் சிப்பாயின் பெயரை ஒரு வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் தேடுவதற்கு முன் ஒரு முழுத்தாளில் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள். முனுசாமி என்றால் மூனுசாமி, முனிசாமி, முனியசாமி, கடைசியில் ‘சாமி’க்குப் பதில் ‘ஸ்வாமி’ போட்டது. இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், அப்பா பெயர் முழுதாக, ஊர்ப் பெயர் சேர்த்து, சாதிப் பட்டம் சேர்த்து. இன்றைக்கு நாம் பட்டம் போடுவதில்லை, அன்றைய பத்திரிகை போட்டது. ‘பிள்ளை’, ‘நாயுடு’, ‘கவுண்டர்’ என்று சேர்த்துத் தேடினால்தான் சில சமயம் ஆள் அகப்படுவார்.

ஊர்ப் பெயரும் அப்படியே. ஆங்கில ஆவணங்களில் திருச்சி ட்ரிச்சினாபாலி, தஞ்சை டாஞ்சூர், நெல்லை டின்னவெல்லி, செங்கல்பட்டு சிங்கிள்புட், மதுரை மதுரா. மாவட்ட எல்லையும் அன்று வேறு. இன்றைய கடலூரும் விழுப்புரமும் அன்று தென்னாற்காடு ஜில்லா.

தமிழ்ப் பத்திரிகையில் தேடும்போது இன்னொரு தொல்லை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் வேறு வடிவில் அச்சாயின. ஸ்கேன் செய்த பக்கங்களைப் படிக்கும் கணினி இந்தப் பழைய எழுத்துகளைப் பல இடங்களில் தப்பாகப் படித்து வைத்திருக்கும். ‘ஏழுமலை’ என்று தட்டினால் வராது, ‘மலை’யை விட்டுவிட்டுப் பாதிப் பெயரைத் தட்டினால் வரலாம். சொற்களும் அன்றைய சொற்களாக இருக்க வேண்டும். போர் என்று தேடாமல் யுத்தம், வீரர் என்பதற்குச் சிப்பாய் அல்லது ஸிப்பாய், மாவட்டம் என்பதற்கு ஜில்லா, இறந்தார் என்பதற்குக் காலஞ்சென்ற அல்லது சிவலோகப் பதவி.

தேதி தமிழ் வருஷத்தில் இருந்தால் மலைக்க வேண்டாம். 60 வருஷச் சுற்று, சித்திரையில் தொடங்கும். 1927 சித்திரையில் பிரபவ வந்தது. அங்கிருந்து எண்ணினால் 1944 சித்திரையில் தாரண. சுப்பிரமணியன் இறந்தது 1944 பிப்ரவரியில், அது சித்திரைக்கு முன்பு என்பதால் சுபானு வருஷம் மாசி மாதம். தை, மாசி, பங்குனியில் வரும் தேதிகளில் இந்த ஒரு வருஷப் பிசகு சுலபமாக நடக்கும்.

எந்தப் பத்திரிகை, எங்கே கிடைக்கும்

வீட்டிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளம் தமிழர்களுக்கு ஒரு புதையல் மாதிரி. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிப்யூன் போன்றவற்றோடு தமிழ் முரசும் உண்டு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதான சிப்பாய்கள், பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள், மலாயா தோட்டங்களிலிருந்து நேதாஜியின் பின்னால் போன தமிழர்கள், இவர்களைத் தேடுபவர்கள் முதலில் இங்கேதான் வர வேண்டும். சில பக்கங்களை அந்த நூலகத்துக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். சிங்கப்பூரில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நாள் போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற பழைய பத்திரிகைத் தளங்கள் இரண்டும் இலவசம். நமக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இத்தாலியில் காசினோ சண்டையில் நியூசிலாந்துப் படையும் 4வது இந்தியப் படைப்பிரிவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அங்கிருந்து போன செய்திகளில் இந்தியப் படை பற்றியும் வரும். உங்கள் ஆள் பெயர் வராது. ஆனால் அந்த வாரம் அங்கே மழையா, பனியா, பாலம் உடைந்ததா என்பது வரும். பின்னால் எழுதும்போது அது கைகொடுக்கும்.

பதக்கம் அல்லது பதவி கிடைத்தவர் என்றால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டை இலவசமாகத் தேடலாம். போரில் இறந்தவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். அங்கே ‘கூடுதல் தகவல்’ என்ற கட்டம் உண்டு. பெயரைப் போடாமல் அந்தக் கட்டத்தில் உங்கள் ஊர் பெயரை, பழைய ஆங்கில எழுத்தில், மட்டும் போட்டுப் பாருங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த ஜில்லா என்று வரும் பெயர்களில், ஊர் முழுக்க மறந்துபோன இன்னும் இரண்டு பேர் இருக்கலாம்.

இலங்கைக்காரர்களுக்கு ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டத்தின் தளம் இருக்கிறது. 2005-ல் தொடங்கி எவ்வளவோ இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு நேரில் போவதுதான் வழி. சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த அச்சுக் குவியலில் பிறந்த நூலகம் அது. அங்கே வேலை செய்பவர்களிடம் என்ன தேடுகிறோம் என்று மனம் விட்டுச் சொன்னால், நமக்குத் தெரியாத இதழ்களை அவர்களே எடுத்து நீட்டுவார்கள். போவதற்கு முன் எந்த இதழ், எந்த வருஷம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போய் நான் ஒரு நாளை வீணடித்தேன்.

எந்த இதழை எடுப்பது? தி இந்து 1878 முதல், சுதேசமித்திரன் 1882 முதல், தினமணி 1934 முதல் வந்தவை. இவற்றில் ராஜதானி (அன்றைய மாகாணம்) அளவிலான செய்தி நன்றாக இருக்கும். சாதாரண மனிதர்களின் பெயர் வேண்டுமென்றால் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி மாதிரி, மாவட்டச் செய்திக்கு இடம் கொடுத்த பத்திரிகைகளைப் பாருங்கள்.

பக்கத்தில் எங்கே கண் வைப்பது

முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசிக்கு முந்தைய பக்கங்கள், ஜில்லாச் செய்திகள், ஆசிரியருக்குக் கடிதங்கள், கோர்ட்டுச் செய்திகள், டெண்டர் விளம்பரங்கள். இவற்றில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்த சிப்பாய் ஊரில் என்ன செய்வார் என்று யோசியுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய தரிசு நிலத்துக்கு மனுப் போடுவார். படைவீரர் நலனைக் கவனித்த ஜில்லா சோல்ஜர்ஸ் போர்டு கூட்டத்துக்குப் போவார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பார். கோயில் திருப்பணிக்குக் கையெழுத்துப் போடுவார். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள். அந்த வாரத்து இதழ்களை வருஷா வருஷம் பார்த்தால் ‘மாஜி சிப்பாய் இன்னார் பேசினார்’ என்று ஒரு வரி அகப்படும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கொடியேற்றச் செய்திகளிலும் அப்படித்தான். பர்மா தாத்தாவின் கடிதம் வெளிவந்தது ஒரு பஸ் நேர அறிவிப்புக்குக் கீழே, நாலு விரல் அகலத்தில்.

இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் 1972-ம் வருஷமும் அதற்கு அடுத்த சில வருஷங்களும் முக்கியம். தியாகிகளுக்கான மத்திய அரசு பென்ஷன் அப்போதுதான் வந்தது. எங்கே இருந்தேன், யாருடன் இருந்தேன் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மனுவின் நகல் வீட்டிலேயே இருக்கலாம்.

கிடைத்த உடனே செய்ய வேண்டியவை இரண்டு. முழுப் பக்கத்தையும் ஒரு போட்டோ, செய்தியை மட்டும் ஒரு போட்டோ, அனுமதி கேட்டு, ஃப்ளாஷ் இல்லாமல். பத்திரிகை பெயர், தேதி, பதிப்பு, பக்கம், பத்தி எண் ஐந்தையும் அங்கேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் அந்தத் துணுக்கு எந்த நாளைச் சேர்ந்தது என்று மறுபடி தேட வேண்டி வரும்.

அவர்தானா இவர்?

பர்மா தாத்தாவின் பெயரிலேயே, அதே இனிஷியலோடு, அதே பதவியோடு ஒருவர் பர்மாவின் அரக்கான் முனையில் காயம் பட்டதாக ஒரு செய்தி எனக்கு முதலில் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குடும்பத்துக்கும் சொல்லிவிட்டேன். அவர் மகளான பெரியம்மா கண்ணீர் விட்டு அழுதார். ஒரு மாதம் கழித்துப் பதக்கத்தில் இருந்த எண்ணை ஒப்பிட்டபோதுதான் அவர் வேறு ஜில்லாக்காரர் என்று தெரிந்தது. திரும்பிப் போய் அதைச் சொன்ன நாளை நான் மறக்கமாட்டேன்.

அதனால் பெயர் ஒத்துப்போனால் போதாது. படை எண், அப்பா பெயர், ஊர், படைப்பிரிவு இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். அதுவரை குடும்பத்திடம் வாய் திறக்காதீர்கள். உறவினர் மூலமாகப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். எண் இல்லாமல் எழுதினால் பதில் வருவது கஷ்டம்.

பத்திரிகையும் தப்பு செய்யும். போர்க்காலத்தில் தணிக்கை இருந்தது, செய்தி வாரக்கணக்கில் தாமதமாகும். அச்சான தேதியை நடந்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. தேடும்போது குடும்பம் மறைத்து வைத்ததும் வெளியே வரலாம். படையிலிருந்து ஓடி வந்தவர், தண்டனை பெற்றவர், பர்மாவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவர். அதை எழுதலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். குறிப்பேட்டோடு மூடி வையுங்கள்.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

கிடைத்ததைக் காலவரிசையில் எழுதி முதல் பிரதியைக் குடும்பத்திடம் கொடுங்கள். எழுதும்போது நிச்சயமாகத் தெரிந்தது, வீட்டார் சொன்னது, நம் ஊகம் மூன்றையும் வேறு வேறாகத் தெரியும்படி எழுதுங்கள். ‘வீராவேசத்துடன் போரிட்டார்’ என்று சேர்க்கத் தோன்றும். ஆதாரம் இல்லையென்றால் சேர்க்காதீர்கள். பென்ஷனுக்காக ஆறு மாதம் காத்திருந்து கடிதம் எழுதினார் என்பது உண்மை, அதை எழுதினாலே அவர் எழுந்து வந்துவிடுவார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பல ஊர்களில் ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்’ என்று கல் பதித்தார்கள். உங்கள் ஊரில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகம், பழைய பள்ளி, சாவடிச் சுவர்களில் பாருங்கள். சுண்ணாம்புக்கு அடியில்கூட இருக்கும். அந்தக் கல்லிலும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை. பெயர்களோடு புதுப் பலகை வைக்க வேண்டுமானால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாட்கள். ஆதாரங்களின் நகலோடு போனால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் ஆவண நகலோடு அவர்களுக்கும் எழுதுங்கள்.

எங்கள் ஊரில் நான் செய்தது சின்ன வேலைதான். கட்டட நிதிப் பட்டியலில் பர்மா தாத்தாவின் பெயருக்கு எதிரே ரூ. 25 என்று இருந்தது. அந்தக் கட்டடத்தில்தான் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன், அந்த அறை இப்போதும் இருக்கிறது. பட்டியலைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து வந்து பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தான். நடுவில் ஒரு பெயரில் நிறுத்தி, “இது எங்க பாட்டியோட அப்பா பேரு சார்” என்றான். அது பர்மா தாத்தாவின் பெயர் இல்லை. அவருக்கு மூன்று வரி கீழே, ரூ. 2 கொடுத்த இன்னொருவர் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மாஜி சிப்பாய்’ என்று இருந்தது. அத்தனை நாளும் அந்தப் பட்டியலை வைத்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டோடு அந்தப் பையனின் பாட்டி வீட்டுக்குப் போனேன்.